மந்திரி சொன்ன கடை

வண்டி நிறுத்தத்தில் என் அத்தானை எல்லோரும் மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மந்திரி என்பதன் சுருக்கம். அந்தப் பெயரை வைத்தவன் நான். கிண்டலுக்காக வைத்தேன். அவரோ ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி அதை வைத்துக்கொண்டு நடமாடினார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதியில் என் முகத்தைத்தான் மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

அவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். பன்னிரண்டு பேர் உட்காரலாம். பதினேழு வருடமாக, விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்களை மலைக்கும் கடலுக்கும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர். காலையில் வண்டியை எடுக்குமுன் ஒரு இரும்புக் கம்பியால் நான்கு டயரையும் தட்டிப் பார்ப்பார். முன்கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால்தான் துடைப்பார். துணி போட்டால் கோடு விழும் என்பார். வழியில் வாந்தி எடுக்கப்போகிற பிள்ளை எது என்று ஏறும்போதே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவார். இந்த விஷயத்தில் அவர் கணக்கு தப்பியதே இல்லை.

ஆனால் அவருக்குப் பெருமை இதிலெல்லாம் இல்லை. உச்சி வெயில் ஏறும் நேரத்தில் பின்சீட்டிலிருந்து யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். "டிரைவர், இந்தப் பக்கம் நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" அதைக் கேட்டதும் அத்தானுக்கு முதுகு நிமிரும். அந்தக் கேள்விக்காகவே அவர் வண்டி ஓட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"கண்ட கடையில நிறுத்திடக் கூடாதுங்க" என்று ஆரம்பிப்பார். "முதல்ல வாசல்ல எத்தனை வேன் நிக்குதுன்னு பார்க்கணும். தினம் ரோட்டுல போறவன் ஏமாற மாட்டான். அவன் எங்க நிறுத்துறானோ அங்கதான் சாப்பாடு."

இப்படிச் சொல்லி அவர் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் வளைவுக் கடையில். கடலுக்குப் போகும் சாலை சட்டென்று திரும்பும் இடத்தில் இருப்பதால் அந்தப் பெயர். பெரிய முற்றம், நீல வண்ணம் அடித்த தூண்கள், எந்த நேரமும் ஏழெட்டு வேன்கள். குடும்பத்தை முன்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அத்தான் பின்பக்கம் போய்விடுவார். அந்தச் சாலையில் எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். ஆள் கூட்டிக்கொண்டு வரும் ஓட்டுநருக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. ஒரு நீள பெஞ்சு, ஒரு மின்விசிறி, கை கழுவ ஒரு தொட்டி. சாப்பாடு இலவசம். ஓட்டுநர் யாரும் முன்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உட்கார்ந்தால் பயணிகளுக்கும் சங்கடம், கடைக்காரருக்கும் சங்கடம்.

அந்தப் பின்னறையில் தின்ற மீன் குழம்பை அவர் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வருவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருந்துக் கடையில் வேலை. ராத்திரிச் சாப்பாடு தினமும் அக்கா வீட்டில்தான். அதனால் இதை நான் எண்ணிக்கையில்லாமல் கேட்டிருக்கிறேன். அக்கா குழம்பை ஊற்றுவாள். அத்தான் ஒரு வாய் வைப்பார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்பார். "ஆனா வளைவுக் கடையில வெப்பான் பாரு, அது வேற."

கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ருசி தெரிந்தவன் மறைக்காமல் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் என் அக்கா காலையில் சந்தைக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கி, ஆய்ந்து, அரைத்து, கொதிக்க வைத்தவள். அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். எனக்குத்தான் வயிறெரியும். ஒருநாள் இந்த மனுஷனுடைய மூக்கு உடைய வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அதற்கு வழியும் கிடைத்தது. மருந்துக் கடை நண்பர்கள் மூன்று பேரோடு கடலுக்குப் போனபோது, அத்தான் பேச்சைக் கேட்டு வளைவுக் கடையின் முன்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு பழசு. மீன் அதைவிடப் பழசு. மேலே தாராளமாக எண்ணெய் ஊற்றிச் சூடு பண்ணி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். அக்காதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நண்பன் வீட்டில் ஏதோ தின்றது சேரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தான், "உனக்கு நாக்குச் செத்துப்போச்சு மச்சான்" என்று சிரித்து ஒதுக்கிவிடுவார். வாயால் சொல்லித் தோற்பதைவிட அவரே தின்று பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

மழைக்காலம் முடியும் சமயம், சவாரி இல்லாத வாரத்தில், வேன் முதலாளி இரண்டு நாளைக்கு வண்டியை அத்தானிடமே விட்டார். பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவர் சொந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அக்கா, பதினாலு வயது மூத்தவள், ஏழு வயது சின்னவள், நான். சின்னவளுக்குக் கடல் மணலில் விளையாட மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கித் தந்திருந்தார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாகத் தூங்கினாள்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று அக்காவைக் கேட்டார்.

"எனக்குக் கடலெல்லாம் ஒண்ணும் வேண்டாம். அந்த வளைவுக் கடைக் குழம்ப ஒரு தடவ சாப்பிட்டுப் பார்த்துடணும். அப்படி என்னதான் போடுறான்னு தெரிஞ்சிடும்ல."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாலு வாய் தின்று முகம் சுளிப்பார்கள், மந்திரி பதவி போகும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை வேறு வேலை செய்தது. கிளம்புகிற அன்று காலையில் மருந்துக் கடைக்குப் போய், வயிற்றுக்கான மாத்திரை, தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி, கடைசியாகச் சின்னப் பிள்ளைகளுக்கான வாந்தி மருந்து ஒரு குப்பி, எல்லாவற்றையும் எடுத்துப் பையின் அடியில் வைத்தேன். பெரியவர்களுக்கு மட்டும் எடுத்திருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வளைவுக் கடை முற்றத்தில் வேனை நிறுத்தியபோது ஒன்பது வண்டிகள் நின்றன. "எண்ணிப் பாரு மச்சான்" என்றார் அத்தான். சலவைச் சட்டை போட்டிருந்தார். பின்பக்கம் திரும்பிய காலை நிறுத்தி, சிரித்துக்கொண்டு, எங்களோடு முன்கூடத்துக்கு வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைத் தடவினார்.

நான் எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன்.

"ஏன்?" என்றார் அத்தான்.

"தலைவலி."

சோறு வந்தது, குழம்பு வந்தது. அக்கா பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். இந்த முறை அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி கொஞ்சம் குழம்பை மட்டும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இருங்க, வந்துடறேன். இவனுக்கு ஒரு டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனார்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் சொன்னார். உள்ளே இரண்டு அண்டா இருந்திருக்கிறது. பெரியது கூடத்துக்கு. சின்னது ஓட்டுநர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும், அன்றன்றைக்கு வைப்பது. பதினேழு வருடமாக அவர் தின்றது சின்ன அண்டாவில் வைத்ததை. சமையல்காரர் அவரைப் பார்த்து, "குடும்பத்தோட வந்தியா? முன்னால எதுக்குய்யா உட்கார்ந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பின்னால போட்டிருப்பேன்ல" என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். "உங்களுக்கு நல்லதாப் போட்டாத்தானே நீங்க ஆள் கூட்டிட்டு வருவீங்க" என்றும் சொல்லியிருக்கிறார். இது தெரியாத ஓட்டுநர் இருப்பான் என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை.

அத்தான் கையில் டீயோடு திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. டீயை என் முன்னால் வைத்தார். இஞ்சி வாசனை அடித்தது. உட்கார்ந்தார்.

"அப்பா, இது ஒரு மாதிரி வாடை வருது" என்றாள் சின்னவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் உதட்டோரத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மந்திரியாரே என்று கூப்பிட வாய் துறுதுறுத்தது. அந்தச் சிரிப்பை அவர் பார்த்தார், எனக்குத் தெரியும்.

"இங்க அப்படித்தான் இருக்கும். சாப்பிடு" என்றார் மகளிடம்.

அவள் சாப்பிட்டாள். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பும் பிள்ளை. மூத்தவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அக்கா கடைசிவரை தின்று முடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பதினேழு வருடம் அவர் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் டீயைக் குடித்தேன். நல்ல டீ.

கடல் ஊருக்குப் போய் விடுதியில் அறை எடுத்து, பைகளை வைத்துவிட்டு மணலுக்குக் கிளம்பும்போது சின்னவள் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் வாந்தி அந்த மஞ்சள் வாளியில்தான். வேறு எதுவும் பக்கத்தில் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு முறை ஆகிவிட்டது. அக்காவும் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்தாள். நான் பையின் அடியிலிருந்து பொடியை எடுத்துக் கலக்கினேன். மருந்தை எடுத்து மூடியில் அளந்து ஊற்றினேன்.

"மாமா இருந்ததால தப்பிச்சோம்" என்றாள் மூத்தவள். அக்கா என் தலையில் கை வைத்து, "நல்லவேளைடா" என்றாள். நான் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சின்னவள் கண் சொருக ஆரம்பித்ததும் பயந்துபோய், அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவரிடம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார். உடனே தண்ணீர் கலக்கிக் கொடுத்தது நல்லதாயிற்று என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?"

"வளைவுக் கடையிலங்க" என்றார் அத்தான்.

மருத்துவர் எழுதிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "மாசத்துக்கு நாலு பேர் அங்கிருந்து வராங்க. டிரைவருங்க கூட்டிட்டுப் போய் விட்டுடறாங்க. அவங்களுக்கென்ன, பின்னால உட்கார்ந்து நல்லாத் தின்னுட்டுப் போயிடுவாங்க. உங்களையும் டிரைவர்தான் கூட்டிட்டுப் போனானா?"

அத்தான் பிள்ளையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "டிரைவர் நான்தாங்க" என்றார்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் பார்த்தார். அதற்கப்புறம் அவர் மருந்துச் சீட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அத்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடியற்காலையில் பிள்ளை கண் திறந்து வாளி எங்கே என்று கேட்டாள். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. அவளை விடுதிக்குத் தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டு, அத்தான் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு அண்டா விஷயத்தை அக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வாடை வருதுன்னு பிள்ளை சொன்னப்ப எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சும் சாப்பிடுன்னு சொன்னேன். உன் தம்பி சிரிச்சிட்டிருந்தான். எனக்கு வாய் வரல."

அக்கா அவரைத் திட்டவில்லை. "வீட்டுக்குப் போகலாங்க" என்று மட்டும் சொன்னாள். நாலு தெருவுக்கு அப்பால் அலைச் சத்தம் கேட்டது. யாரும் கடலைப் பார்க்காமலே திரும்பினோம். வழியில் வளைவுக் கடையைத் தாண்டும்போது மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நீங்க கூட்டிட்டு வந்தவங்க எல்லாரும் இதைத்தான் சாப்பிட்டாங்களா?" அத்தான் கியரை மாற்றினார்.

பதிலை அவர் வீட்டுக்கு வந்த பிறகு தேட ஆரம்பித்தார். சவாரி வந்த குடும்பங்களின் தொலைபேசி எண்களை எழுதிவைத்த தடித்த நோட்டு ஒன்று அவரிடம் உண்டு. சாயங்காலமானால் முன்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும்.

"வணக்கங்க. வேன் டிரைவர் பேசறேன். கடலுக்குப் போனோமே. ஒண்ணுமில்லங்க, அன்னிக்கு வளைவுக் கடையில சாப்பிட்டீங்கல்ல, எப்படி இருந்துச்சு? இல்லங்க, உண்மையைச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

சிலர் மறந்துபோயிருந்தார்கள். சிலர் சவாரி பிடிக்கப் புது வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஒரு தையல்காரர், அன்று இரவு தன் வீட்டில் ஆறு பேரும் கழிவறை வாசலில் வரிசையில் நின்ற கதையைச் சொல்லிச் சிரித்தார். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, "உங்க நாக்கும் எங்க நாக்கும் ஒத்துவரலன்னு அப்பவே சொன்னேனே தம்பி" என்றாராம். அந்த டீச்சரம்மாவுக்கு ருசியே தெரியாது என்று அத்தான் எங்களிடம் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "தெரியாமப் பண்ணிட்டேங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஒருநாள் நோட்டை மூடிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தார். "வயிறு கெட்டதை ஏன் ஒருத்தரும் சொல்லலன்னு கேட்டேன். நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க, எங்களுக்கு மனசு வரலங்கறாங்க. ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒருத்தர். பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்காது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா குழம்பு ஊற்றினாள். அவர் தின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, வேறெதையும் சொல்லவில்லை. அக்கா இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க நிற்பதும் இல்லை.

கை கழுவப் போனவனை அக்கா அடுப்படியில் நிறுத்தினாள். ஜன்னல் மேடையில் அந்த வாந்தி மருந்துக் குப்பி இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போ. அன்னிக்கு அந்த ஊர்ல எந்த மருந்துக் கடைக்கும் நீ போகலியே. இது எங்கிருந்து வந்துச்சு?"

"நான் கொண்டு வந்ததுதான்."

"போன வருஷம் நீ மூணு நாள் படுத்துக் கிடந்தியே. அது எங்க தின்னதால?"

நான் சொன்னேன். வேறு வழியில்லை. குழம்புக் கரண்டியைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடிக்க வேண்டும் போல அவளுக்கு இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"உனக்காகத்தான் அக்கா. உன் சமையலை அவர் எப்பப் பார்த்தாலும்..."

"என் பேரை இதுல இழுக்காத" என்றாள். "அவர் முகம் மறந்துபோனவங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுட்டு இருக்கார். நீ பக்கத்து அறைக்குப் போனாப் போதும்."

போனேன். அத்தான் மறுபடி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். சின்னவள் அவர் காலடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடம் அங்கே தின்றதை, சொல்லாமல் இருந்ததை, மருந்து எடுத்து வைத்ததை, அந்தச் சிரிப்பை. தலைவலி என்றது பொய் என்பதையும் சொன்னேன். கன்னத்தில் அறைவார் என்று எதிர்பார்த்தேன். மச்சான் உறவே வேண்டாம் என்று விரட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலைவலின்னு சொன்னியேன்னு, சமையல்காரன்கிட்ட நின்னு இஞ்சி தட்டிப் போடச் சொன்னேனே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நோட்டில் விரலை வைத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.